கீபோர்டு இனி தானே சேரும்

தாராவி,
ஜூலை 14

அன்பு மகன் தளவாய்க்கு அம்மா எழுதுவது. இங்கே மழைக்கும் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை. அங்கே நீயும் சாதனாவும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கிடுவாய், எனக்கும் கோபம் வந்து வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

செம்பூரில் முதியோர் இல்லத்தில் எனக்கு இடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "ஒரு கீபோர்டைக்கூட உங்களால கனெக்ட் பண்ண முடியல, தனியா எப்படிம்மா இருப்பீங்க" என்றாயே, அதுதான் தைத்தது. சயான் ஸ்டேஷன் படியில் விழுந்து இடுப்பு போன நாளிலிருந்து இரண்டு வருடமாகப் படுத்தபடியே கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிறேன். கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டது நீ, கட்டிலருகே சுவிட்சைத் தட்டினால் அது எழும்பும்படி செய்தது நீ, வயர் இல்லாத கீபோர்டை வாங்கி என் மடியில் வைத்ததும் நீதான். ஆனால் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அது கீபோர்டை மறந்துவிடுகிறது என்று எத்தனை முறை சொன்னேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்றாய். காலையில் பக்கத்து வீட்டு பேகம் சாப்பாடு கொண்டு வரும்போது, மேஜையில் கிடக்கும் பழைய வயர் கீபோர்டில் பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் செய்துவிட்டுப் போவாள். நடுவில் கரண்ட் போனால் என் வேலையும் போச்சு.

போன செவ்வாய் அதுதான் நடந்தது. இரண்டு மணிக்குள் பத்திரிகை தர வேண்டும், பதினோரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. திரையில் பாஸ்வேர்டு கேட்கிறது, மடியில் கீபோர்டு செத்துக் கிடக்கிறது. பேகம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், அச்சகக்காரன் சிராஜ் கிங்ஸ் சர்க்கிளில். அவன் மூன்று மணிக்கு வந்து பார்த்துவிட்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டான். அதோடு விட்டானா, சந்தில் நின்று, திரும்பி வந்த பேகத்திடம் "அம்மாவால இனி ஆவாதுக்கா" என்றான். எனக்கு இடுப்புதான் போயிருக்கிறது, காது போகவில்லை. உனக்குப் போன் செய்ததும் அவன்தானே.

மூன்று நாள் மொபைலிலேயே தேடித் தேடிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை பேகத்திடம் மேஜையைக் கட்டிலோடு இழுத்துப் போடச் சொல்லி, வயர் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன். "யக்கா, சிராஜ கூப்புடவா" என்றாள். கூப்பிட்டால் பேச மாட்டேன் என்றேன். விஷயம் இவ்வளவுதான் ஐயா. நீ கீபோர்டை ஜோடி சேர்த்தாயே தவிர, அதை நம்பலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்லை. கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து, கீபோர்டின் நம்பரைப் போட்டு, ட்ரஸ்ட் என்று ஒரு வார்த்தை அடிக்க வேண்டும். அடித்தேன். அணைத்துப் போட்டேன், சேரவில்லை. வயர் இல்லாமல் சேர்த்துவைக்கிற ப்ளூடூத்தே தூங்கிக்கொண்டிருந்தது. எழும்பும்போதே அதையும் எழுப்பச் சொல்லும் வரி ஒரு ஃபைலில் இருந்தது, அதில் வேண்டாம் என்றிருந்ததை வேண்டும் என்று மாற்றினேன், அப்போதும் சேரவில்லை. எனக்கு அழுகை வந்தது, பேகம் பார்க்கக் கூடாது என்று டீ போடச் சொல்லி அனுப்பினேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்த வரிக்கு முன்னால் ஒரு சின்ன ஹேஷ் குறி. அது இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்கவே படிக்காதாம். அதை எடுத்தேன். அணைத்துப் போட்டேன். மடியிலிருந்த கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினேன், நாலைந்து நொடிதான், திரையில் புள்ளி விழுந்தது. பாஸ்வேர்டை நானே போட்டேன்.

நேற்று சிராஜை வரச் சொல்லி, மெயின் சுவிட்சை நீயே அணை என்றேன். அணைத்தான். போடு என்றேன். அவன் பார்க்கப் பார்க்க முழுப் பத்திரிகையும் அடித்தேன். வாசல் வரை போனவன் திரும்பி, "நாளைக்கு ரெண்டு பத்திரிக இருக்கும்மா, அனுப்பவா" என்றான். அனுப்பு, ஆனால் என்னைப் பற்றி என்னிடமே பேசு என்றேன்.

உனக்கு என் மேல் அக்கறை என்று தெரியும். ஆனால் எனக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று நான்தான் சொல்வேன். நான் செம்பூருக்குப் போக மாட்டேன். உன் ஊரில் இப்போது குளிர்காலம் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ, கடைச் சாமானைச் சாதனாவைத் தனியாகச் சுமக்க விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். மறக்காமல் இன்றே அந்த இல்லத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல். ஏன் என்று கேட்டால், அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்.

உன் அம்மா,
முப்பிடாதியம்மாள்