எறக்கி வச்ச சுருதி

ஞாயிறு ராத்திரி

சூட்டி, இன்னைக்கு உன் முப்பதாம் நாள் பூசைக்கு உங்கப்பா கொழும்புலேருந்து வந்தாரு. நம்மள விட்டுட்டுப் போனவரு இன்னைக்குத்தான் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுப் படிய மிதிச்சாரு. பெரிய பாடகர் வந்திருக்காருன்னு சனமெல்லாம் செல்போனத் தூக்கிக்கிட்டு நின்னிச்சு. உன் நெனப்பே யாருக்கும் இல்ல.

அவரு பேரப் போட்டா நம்ம பாட்டு ஓடும்னு எத்தன பேரு சொன்னாங்க. நீ போடாமத்தான் யூடியூப்ல விட்ட. பூச முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், நீயும் அம்மாவும் சேந்து பாடுன பாட்டையே பாடப் போறேன்னு உன் கிட்டார எடுத்தாரு. கம்பியத் தட்டிப் பாத்துட்டு, "சுருதி எறங்கிக் கெடக்கே, பாக்க ஆளில்லையா?"ன்னு சிரிச்சாரு.

"எறங்கல. என் கட்டக் குரலுக்காகப் புள்ள எறக்கி வச்சது. கைய எடுங்க"ன்னேன்.

"பாட்டப் பத்தி உனக்கு என்னா தெரியும்? சும்மா இரு"ன்னு ஒவ்வொரு கம்பியா முறுக்கிட்டாரு. பாடுனாரு. சாவு வீட்டுல கைதட்டுறாங்க.

கிட்டாரப் புடுங்கிக்கிட்டு, "வெளிய போய்யா"ன்னேன். போயிட்டாரு.

இப்ப அது என் மடியில இருக்கு. அவரு முறுக்குன கம்பியத் தளத்தித் தளத்திப் பாத்துட்டேன், என் குரல் சேரவே இல்ல. நீ எம்புட்டு எறக்கி வச்சிருந்த, சூட்டி?