மவஷி கெரி வந்துவிட்டது, பேர்தான் வரவில்லை

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். காரமடை முழுக்கச் சேறு. டோஜோ தரையைத் துடைத்தேன். டோஜோ என்றால் நான் கராத்தே சொல்லித்தரும் டைல்ஸ் கடை மாடிதான்.

ஞாயிறு பரீட்சை. ஜப்பானில் படித்த ஐயா கோவையிலிருந்து வருகிறார். பிள்ளைகளுக்கு பெல்ட், எனக்கு டீச்சர் சர்ட்டிபிகேட். கிடைக்காவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான். உச்சரிப்புக்குத் தனி மார்க்.

சரிபார்க்க:
மவஷி கெரி (சுழற்றி உதைப்பது) - எல்லாம் குறில். பிள்ளைகள் 'மாவாசி கேரி' என்கிறார்கள், ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி.
ஜோதன் (தலை உயரம்) - ஜோ மட்டும் நீளும். 'ஜோடான்' இல்லை.
ஹஜிமெ (தொடங்கு), யமெ (நிறுத்து) - கடைசியை இழுக்காதே.
கராத்தே - கரதெ! போர்டிலேயே தப்பு. கடவுளே.
புளி வாங்க.

நவ. 7, வெள்ளி

மழை விட்டது. ஐயா போன். பரீட்சையில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, 'சான்' சேர்த்து, நான்தான் முன்னால் அழைக்க வேண்டுமாம். 'சான்' நம்ம 'ங்க' மாதிரி, மரியாதைக்கு.

கடைசி வரிசை வெள்ளை பெல்ட் என் வீட்டுக்காரர். வாழைக்காய் மண்டிக்காரர். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் உதைக்க வந்துவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் பேரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூட கார்டைத்தான் நீட்டுவேன். வகுப்பில் 'ஏனுங்க, வாங்க' என்று ஓட்டியாச்சு.

அதே வகுப்பில் படிக்கும் தையல்கடை ரஹ்மத் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "சப்பான்காரன் பேச்செல்லாம் தண்ணிபட்ட பாடா வருது. ஊட்டுக்காரரு பேரு வர மாட்டேங்குதுங்களா டீச்சர்?"

நவ. 8, சனி

வெயில். இவரிடம் சொல்லிவிட்டேன். "அட, நான் நாளைக்கு வரலை உடு அம்மணி. உன்ற சர்ட்டிபிகேட்டுதான் முக்கியம்." சாதாரணமாகச் சொன்னார்.

மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனால், இவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, "மவஷி கெரி... மவஷி கெரி..." என்று உதைத்துக்கொண்டிருக்கிறார். அத்தனையும் சுத்தக் குறில். எனக்காக இந்த மனுஷன் ஏன் பெல்ட்டை விட வேண்டும்?

"நாளைக்கு வந்தே ஆகோணுமுங்க" என்றேன்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பழகினேன். முதல் எழுத்தோடு நின்றது. காபி கேட்டார், கொடுத்தேன்.

நவ. 9, ஞாயிறு

மேகமூட்டம். மாடி நிறையப் பெற்றோர்கள். ஹஜிமெ, யமெ எல்லாம் கச்சிதம். ஐயா தலையாட்டினார். ஒவ்வொருவராக அழைத்தேன். கடைசியில் இவர் மட்டும். ரஹ்மத் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். ஐயா பேனாவோடு காத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன்.

"செல்வராசு சான்!"

'ஹை' என்று சொல்லி முன்னால் வரவேண்டும். இவர் அசையவில்லை. வாய் திறந்தபடி என்னையே பார்த்தார். பிறகு பதறிக்கொண்டு, "இதா வாரேனுங்க டீச்சர்!"

மாடியே சிரித்தது. ஐயாவும். நான் பாஸ். இவருக்கும் மஞ்சள் பெல்ட், பதிலுக்கு மட்டும் மார்க் போச்சு.

நவ. 10, திங்கள்

குளிர். இட்லி மாவு பொங்கி வழிந்து கிடந்தது. மண்டிக்கு நேரமாகியும் இவர் அடுப்படியையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காக் கூப்புடு கண்ணு."

"போங்க அக்கட்டால."

போகவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன். கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக, ஒரு தடவை கூப்பிட்டேன்.