நீ அனுப்பிய வெள்ளை வெளிச்சம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் கால் விரல் ஒன்றைத் தவிர, அதுவும் தேறிவிட்டது, பதறாமல் படி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிகிறதே.

நீ அனுப்பிய எல்இடி டார்ச் வந்தது. இத்தனூண்டு இருந்துகொண்டு இது எதைக் காட்டிக் கிழிக்கப்போகிறது என்று அப்பா அதைத் தையல் மெஷின் டிராயரில் தூக்கிப் போட்டுவிட்டார். அவருக்குத்தான் அந்தப் பழைய மூணு பேட்டரி டார்ச் உயிராச்சே, தட்டினால் எரியும், தட்டாவிட்டால் கோபித்துக்கொள்ளும். போன வாரம் சாயங்காலம் கடையில் கரண்ட் போய்விட்டது. அந்தப் பழைய டார்ச்சை என்னைப் பிடிக்கச் சொல்லி, அவசரமாகக் கொடுக்க வேண்டிய கருநீல பேண்டைப் பாதிவரை கறுப்பு நூலில் தைத்துத் தள்ளிவிட்டார், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நடுவில் பல்பு போய்விட, உன்னுடையதை எடுத்து அழுத்தினேன். அடேயப்பா, துணி தனியே நீலம், நூல் தனியே கறுப்பு! மனுஷர் உடனே கறுப்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். நானோ நூல்கண்டு, புடவைக் கரை என்று ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சம் அடித்து அடித்துப் பார்த்தேன், பகலையே மடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே என்று மலைப்பு தீரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் பாதத்தைப் பார்த்தேன். சர்க்கரை வந்ததிலிருந்து காலில் எது குத்தினாலும் அவருக்குத் தெரியாது, விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். பழைய வெளிச்சத்தில் அவர் தோல் எல்லாம் ஒரே நிறம். அன்றைக்குச் சுண்டுவிரல் அடியில் நீலம் பாரித்திருந்தது. ஒன்றுமில்லை என்று முரண்டு பிடித்தவரை விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். உள்ளே அழுக ஆரம்பித்திருந்ததாம், இன்னும் விட்டிருந்தால் விரல் போய், பிறகு பாதமும் போயிருக்கும் என்றார் டாக்டர். மெஷின் மிதிக்கிற காலப்பா அது. கீறிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். இன்று கட்டைப் பிரித்தபோது நானே டார்ச் அடித்தேன், புதுச் சதை நல்ல சிவப்பு. பார்த்ததும் அழுதுவிட்டேன். அப்பா காலையே பார்த்துக்கொண்டு, "அவ்வளவு தூரத்துலேர்ந்து என் காலை அவன்தான் பாத்திருக்கான்" என்றார்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் சர்க்கரை உனக்கும் வரலாம், தள்ளிப்போடாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்து என்ன வந்தது என்று எழுது. உன் பாதத்தைப் பார்க்க அங்கே நான் இல்லையே, நீயேதான் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா