மெத்தையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்

காஞ்சிபுரம்
10-6-1968

மருமகள் கிருஷ்ணவேணிக்கு மாமனார் பரசுராமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பும், சின்னவன் பால் குடிப்பதும், அலமுவின் சேட்டையும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

பேரன் பிறந்த செய்தி வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தறிக்காரர்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். உன் மாமியார் லோகாம்பாளோ பொழுது விடிந்தால் போதும், "எப்பங்க புள்ளைய இட்டுக்கினு வருவாங்க?" என்று என் உயிரை எடுக்கிறாள். ஆடி பிறந்துவிட்டால் அழைத்துவர முடியாது. ஆனிக் கடைசி வெள்ளி, ஜூலை பன்னிரண்டு, நல்ல நாள். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன்.

நம் வீட்டு மெத்தை தயார். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் தறியிலிருந்து ஒவ்வொரு கல்யாணப் புடவை இறங்கும்போதும் மிஞ்சுகிற பட்டு நூலைச் சேர்த்து வைத்து, இலவம்பஞ்சோடு கலந்து, என் கையால் அடைத்தது அது. உன் புருஷன் ராஜகோபால் கைக்குழந்தையில் அதில்தான் படுத்தான், பேத்தி அலமுவும் அதில்தான் படுத்தாள். இப்போது பேரனுக்காகப் பஞ்சை வெயிலில் போட்டு, இன்னும் ஒரு வீசை பட்டு நூல் சேர்த்து, அரக்குப் பட்டில் உறை தைத்திருக்கிறேன். தலையணை ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகத் திண்டு இரண்டு. மெத்தையில் கை வைத்தால் முழங்கை வரை உள்ளே போகிறது. அத்தனை கல்யாணத்து ஆசீர்வாதமும் அந்தப் பிள்ளைக்கு.

அங்கே வந்து திரும்பிய ராஜகோபால் ஏதோ முணுமுணுத்தான். நீ மெத்தை வேண்டாம் என்கிறாயாம். பிள்ளை பெற்ற உடம்பு எதையாவது சொல்லும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
பரசுராமன்


தென்னேரி
14-6-1968

மதிப்புக்குரிய மாமாவுக்கு கிருஷ்ணவேணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். சின்னவன் பால் குடிக்கிறான், தூங்குகிறான், மறுபடி குடிக்கிறான். அலமு அவனைத் தன் பொம்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தையை முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மாமா. தயவு செய்து கார்டில் எழுதாதீர்கள். தபால்காரர் நமச்சிவாயம் தெருமுனையிலிருந்தே, "இன்னாமா, பட்டு மெத்தை வேணாம்னு சொல்லிட்டியாமே!" என்று கேட்டுக்கொண்டு வருகிறார். ஊருக்கே தெரிந்துவிட்டது. அதனால் நான் கவரில் எழுதுகிறேன்.

உங்கள் மகன் முணுமுணுத்திருக்கலாம். நான் முணுமுணுக்கவில்லை, உரக்கத்தான் சொன்னேன். அந்த மெத்தையில் என் பிள்ளையைப் படுக்கவைக்க மாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அலமு கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள். சாப்பாட்டு நேரம், தறி ஓடவில்லை. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மெத்தைப் பள்ளத்தில் குப்புறக் கவிழ்ந்து கிடக்கிறாள். முகமே தெரியவில்லை. அள்ளி எடுத்தேன், உதடு நாவல்பழ நிறம். முதுகில் தட்டித் தட்டித்தான் மூச்சு வந்தது. நான் போட்ட கூச்சலில் நீங்கள் எல்லோரும் ஓடி வந்தீர்கள். அதற்குள் அவளுக்கு நிறம் திரும்பிவிட்டது. நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "கூடத்துல நாலு பேர் குந்திக்கினு இருக்கோம். ஒரு சத்தம் கேக்கல. மூச்சு முட்டுனா புள்ள அழுவாதா?" என்றீர்கள். நான் கண் அயர்ந்து கனவு கண்டேன் என்று எல்லோருமாக முடிவு செய்தீர்கள். மறுநாள் தாயத்து வந்தது. பிள்ளைக்கு இல்லை, எனக்கு! பயம் தெளியட்டும் என்று என் கையில் கட்டினீர்கள்.

அன்றைக்கு எனக்கு வயது இருபது. வாயை மூடிக்கொண்டேன். பகலில் உங்கள் கண்ணுக்காக அவளை மெத்தையில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பழி கிடந்தேன். நீங்கள் படுத்ததும் தரையில் பாய் விரித்து அதில் போட்டேன். இந்த முறை திருட்டுத்தனம் செய்யப் போவதில்லை.

இங்கே சின்னவன் கோரைப் பாயில் படுக்கிறான். அதன் மேல் என் அப்பாவின் பழைய வேட்டி, பல தடவை வெளுத்தது, இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் பாய்க்கு அடியில் செருகியிருக்கிறது. தலையணை இல்லை, திண்டு இல்லை, மல்லாந்து படுக்கிறான். பிரசவம் பார்த்த நர்ஸ் மேரியக்கா வந்து பார்த்துவிட்டு, "மெத்துமெத்துனு இருந்தா நமக்குத்தாம்மா சந்தோசம். புள்ளைக்குக் கெட்டியா, தட்டையா இருந்தாப் போதும்" என்றார்கள்.

ஆசீர்வாதம் பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கட்டும், மாமா. மூக்குக்குக் கீழே வேண்டாம்.

பணிவுடன்,
கிருஷ்ணவேணி


காஞ்சிபுரம்
19-6-1968

கிருஷ்ணவேணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணிவுடன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையைத் தவிர கடிதத்தில் வேறெங்கும் பணிவைக் காணோம்.

பட்டு மெத்தையில் படுத்து எந்தப் பிள்ளை செத்தது, சொல்! ராஜகோபால் இப்போது மலை மாதிரி நிற்கிறான். நீ சொல்கிற அலமு தென்னேரித் தெருவையே இரண்டாக்கிக்கொண்டிருக்கிறாள். நடக்காத ஒன்றை நடந்தது என்கிறாய். அன்றைக்கு நான் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். என் காது இன்னும் செவிடாகவில்லை. பரசுராமன் பேரன் பழைய வேட்டியில் படுத்துக் கிடக்கிறான் என்று ஊர் பேச வேண்டுமா? நாலு தறி வைத்திருக்கிறவன் வீட்டில் ஒரு மெத்தைக்கு வழியில்லையா?

உன்னோடு கடிதத்தில் வழக்காட எனக்கு நேரமில்லை. மெத்தையையும் தலையணையையும் திண்டுகளையும் ராஜகோபாலிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிள்ளை இப்போதே அதில் படுத்துப் பழகட்டும். பன்னிரண்டாம் தேதி மெத்தையோடு வா. மெத்தை வேண்டாம் என்றால் நீயும் தென்னேரியிலேயே இரு. என் பேச்சு நிற்காத வீட்டில் எனக்கு விருந்து ஒரு கேடா?

பரசுராமன்


தென்னேரி
22-6-1968

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மகன் மெத்தையைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு, "நீ சொல்றதும் சரிதான், அப்பா சொல்றதும் சரிதான்" என்றார். "இப்படிப் பேசறதுக்கு நீங்க வாயையே தொறக்க வேணாம்" என்றேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

மெத்தையைக் கூடத்தில் போட்டதும் அலமு ஓடி வந்து குதித்தாள். இடுப்பு வரை புதைந்துபோய் வெளியே வர முடியாமல் ஒரே சிரிப்பு. மூன்று வயசுப் பிள்ளையை என் அப்பா கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அதை உங்கள் மகன் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள்.

மெத்தையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே பஸ்தான், அதே கயிறுதான். ஒரு நூல் கூடக் குறையவில்லை.

எந்தப் பிள்ளை செத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று சாகட்டும், அப்புறம் நம்புகிறேன் என்கிறீர்களா, மாமா? இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். பயத்தில் இல்லை. என் பிள்ளையைச் சாட்சிக்கு அனுப்ப முடியாது.

சத்தம் கேட்கவில்லை, அதனால் நடக்கவில்லை என்கிறீர்கள். சரி, நீங்களே பார்த்துவிடுங்கள். தறி ஓடாத நேரமாகப் பார்த்து அந்த மெத்தையில் குப்புறப் படுங்கள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளுங்கள், பச்சைப் பிள்ளைக்குக் கை ஊன்றத் தெரியாது. முகத்தை நன்றாகப் புதைத்துக்கொண்டு அத்தையைக் கூப்பிடுங்கள். அத்தை அடுத்த அறையில்தானே இருப்பார்கள். அத்தை வந்தால் எனக்கு எழுதுங்கள். நான் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு காஞ்சிபுரம் வரை நடந்தே வருகிறேன். வராவிட்டால் அந்த மெத்தை உங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அது வெளியே போன பிறகுதான் நாங்கள் உள்ளே வருவோம்.

படுத்துப் பார்க்க மனமில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். தென்னேரியில் எங்களுக்குச் சோறு இருக்கிறது, பாயும் இருக்கிறது. உங்கள் மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிருஷ்ணவேணி

(இந்த முறை பணிவுடன் என்று போடவில்லை. இருக்கிறது, ஆனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)


காஞ்சிபுரம்
3-7-1968

அம்மா கிருஷ்ணவேணி,

பத்து நாளாக நான் ஏன் எழுதவில்லை என்று நீ யோசித்திருப்பாய். கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். மாமனாரைக் குப்புறப் படுக்கச் சொல்லி எழுதின மருமகள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். உன் மாமியார் எடுத்துப் பிரித்து வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதிக்கிறா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் தறிக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். லோகா கூடத்தில் பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாளோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். உன் வாயை அடைக்க வேண்டும் என்று மட்டும்தான் படுத்தேன், அதை மறைக்கவில்லை. நீ சொன்னபடியே கையைப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

முகம் உள்ளே போனது. பட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் துணிதான் வருகிறது, காற்று வரவில்லை. "லோகா" என்று கூப்பிட்டேன். மறுபடி கத்திக் கூப்பிட்டேன். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகின தொண்டை இது, தெருக்கோடி வரை கேட்கும். எனக்கே கேட்கவில்லை, அம்மா. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் கோத்த கையைப் பிரிக்கத் தோன்றவில்லை, தோளை ஊன்ற இடமில்லை, எல்லாம் அமுங்குகிறது. எப்படியோ புரண்டு தரையில் விழுந்தேன். விழுந்ததால் தப்பித்தேன். பிள்ளை புரண்டு விழக்கூடாது என்று நான்தானே இரண்டு பக்கமும் திண்டு வைத்து அடைத்தேன்!

வெளியே வந்து, "நான் கூப்ட்டது காதுல உழலையா?" என்று லோகாவைக் கேட்டேன். "எப்பக் கூப்ட்டீங்க? நாங்க ரெண்டு பேரும் இங்கயேதான குந்திக்கினு இருக்கோம்!" என்றாள். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்றைக்கும் நாங்கள் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

மெத்தையைப் பிரித்துவிட்டேன். இலவம்பஞ்சு வீடு முழுக்கப் பறந்து, சாம்பாரில் கூட விழுந்தது. உன் மாமியார் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். உன் அறையில் பலகைக் கட்டில் போட்டு அதன் மேல் புதுக் கோரைப் பாய் விரித்திருக்கிறேன். என் பழைய வேட்டியை மடித்து நாலு மூலையும் இழுத்துக் கட்டினேன். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டிப் பழகின கை, ஒரு சுருக்கம் கிடையாது. நீ வந்து தடவிப் பார். தலையணை வைக்கவில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

இதனால் உன் நாக்கு நீளத்தை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஒன்று மட்டும் செய். அந்தத் தாயத்தைக் கழற்றிக் கொண்டுவா. அதைக் கட்டவேண்டிய கை என்னுடையது.

உன் மாமனார்,
பரசுராமன்


தென்னேரி
5-7-1968

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார். பாதியில் நான் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படித்தேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்று வருஷமாக நானே என்னைச் சில நேரம் நம்பாமல் இருந்திருக்கிறேன், மாமா. உண்மையிலேயே கனவுதானோ என்று. இனி அந்தச் சந்தேகம் இல்லை.

பன்னிரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறோம். நீங்கள் கட்டின வேட்டியைத் தடவிப் பார்ப்பேன். சுருக்கம் இருந்தால் சொல்வேன், சும்மா இருக்க மாட்டேன். புடவையில் ஏணை கட்டித் தொங்கவிடலாமா என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் சரி, இல்லாவிட்டால் பாய்தான் என்று சொல்லிவிடுங்கள். இனி யார் என்ன போட்டாலும் நான் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் போடுவேன்.

தாயத்தை எதிர்பார்க்காதீர்கள். மெத்தையை ஏற்றிவிட்டுப் பஸ் கிளம்பின அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டேன், தென்னேரி ஏரியில் எங்கோ கிடக்கிறது. நீங்கள் நம்புவீர்களா மாட்டீர்களா என்று அப்போது எனக்குத் தெரியாது.

உங்கள் மருமகள்,
கிருஷ்ணவேணி