ஒரே ஒரு எஞ்சின்

ஜூலை 11, 1999, ஞாயிறு

இன்றும் ஜக்கூர். இட்லியைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் அங்கே ஃப்ளையிங் கிளப்பில் விமானம் ஓட்டப் போய்விட்டார் மூர்த்தி. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பயம்தான். இங்கே தொம்மலூரில் ஏர்போர்ட்டுக்கு இறங்கும் விமானமெல்லாம் மொட்டைமாடிக்கு மேலேதான் போகிறது. எந்தச் சத்தம் கேட்டாலும் அவர்தானோ என்று வெளியே ஓடுவேன்.

திரும்பி வந்தவர் மேஜைமேல் மூன்று வண்ணப் புத்தகங்களைப் போட்டார். சொந்தமாக விமானம் வாங்கப் போகிறாராம்! பீன்யா, ஹூப்ளி, கோயம்புத்தூர் என்று தன்னுடைய மூன்று ஃபேக்டரிக்கும் காரில் அலைந்து முதுகு போய்விட்டதாம். மூன்றுமே டர்போபிராப். ஜெட் மாதிரி எஞ்சின், ஆனால் முன்னால் விசிறியைச் சுழற்றும். எத்தனை எஞ்சின் என்று கேட்டேன்.

ஒன்றுதானாம். பஸ் டிக்கெட் எத்தனை என்று கேட்டது போலச் சொல்கிறார்.

"நீயே படிச்சுப் பாத்துச் சொல்லு ரஞ்சனி. உனக்கு எது பயமில்லையோ அதத்தான் வாங்குவேன். மூணும் வேணாம்னா மூணும் வேணாம்."

காலேஜ் லைப்ரரியன் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் படிக்காமல் விடமாட்டாள் என்று தெரியும். கெட்டிக்காரர்.

ஜூலை 20

அமெரிக்க விமானம்: சக்கரம் எப்போதும் வெளியே நீட்டியபடியே இருக்கும். இறக்க மறந்துபோகும் என்ற பயம் இல்லை. மண் தரையிலும் இறங்கும். ஆனால் மெதுவாகப் போகும், மழை மேகத்துக்கு மேலே ஏற லாயக்கில்லை. பிரெஞ்சு விமானம்: மூன்றில் அதுதான் வேகம். மூர்த்தியின் கண் அதன்மேல்தான். படத்தைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்கிறது. சுவிஸ் விமானம்: பெரியது, உயரப் பறக்கும், ஆனால் சின்ன ஓடுதளத்திலும் மெதுவாக இறங்குமாம்.

இதில் வேடிக்கை, மூன்றிலும் எஞ்சின் ஒரே கனடா கம்பெனியுடையது. அப்புறம் எதைத்தான் ஒப்பிடுகிறேன் நான்?

ஜூலை 27

எஞ்சின் நின்றுபோனால் எவ்வளவு தூரம் மிதந்து வரும், அதைப் பார் என்கிறார். எஞ்சின் நின்றுபோனால்! எவ்வளவு சாதாரணமாக வாயில் வருகிறது. சுவிஸ் விமானம் பத்தாயிரம் அடியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மிதக்குமாம். வரைபடத்தை விரித்து ஹூப்ளிவரை காம்பஸால் வட்டம் வட்டமாகப் போட்டேன். துமகூரு பரவாயில்லை, ஏரியும் ராகி வயலும். சித்ரதுர்கா பக்கம் பாறை. அந்த இடத்தில் பென்சிலை வைக்கவே கை வரவில்லை.

செப்டம்பர் 5

வாங்கியே தீர்வார் என்று தெரிந்துவிட்டது. சுவிஸ் என்று சொல்லிவிட்டேன். மூன்றில் அதுதான் அதிக தூரம் மிதக்கிறது.

அக்டோபர் 15

விற்பவர்கள் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். கூடவே கேப்டன் டென்சில். பிரேசர் டவுன்காரர், ஏர்ஃபோர்ஸில் இருந்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் பக்கத்தில் உட்கார மூர்த்தி ஓட்டுவார்.

அக்டோபர் 18, ஆயுத பூஜை

புடவைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் ஜக்கூரில் விமானத்துக்குப் பூஜை. பிடிவாதம் பிடித்தவள் நான்தான். டென்சில் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து முடித்த பிறகு ஐயர் ஆரம்பித்தார். விசிறிக்குச் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சை. முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். வால் பக்கத்தை யார் பார்ப்பது? மிச்சச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். இரண்டு பக்கமும் காசு அளவில் பளபளவென்று ஒரு தகடு இருந்தது. அதில் கெட்டியாகப் பொட்டு வைத்துக் குங்குமமும் வைத்தேன். நல்ல நேரம் போகிறது என்று எல்லோரையும் விரட்டி ஏற்றினேன்.

நந்தி மலை ஜன்னலில் தெரிந்தது. நாங்கள் ஏறிக்கொண்டே இருக்கிறோம், உயரம் காட்டும் முள் மட்டும் தரையிலேயே நிற்கிறது. டென்சில் அந்த முள்ளின் கண்ணாடியை விரலால் தட்டினார். வேகம் காட்டும் முள்ளும் இறங்க ஆரம்பித்தது. வேகம் போனால் விழுந்துவிடுவோம் என்று மூர்த்தி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினார் – ஐயோ, அந்த ராகி வயலெல்லாம் அப்படியே மேல வருது – முருகா முருகான்னு கத்தினேன், நானா கத்தினேன்?

"சார், மூக்க இறக்காதீங்க. எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, முள்ளுதான் பொய் சொல்லுது. கைய எடுங்க, நான் பாத்துக்கறேன்."

டென்சில் எதையோ திருப்ப, முட்கள் உயிர் பெற்றன. இறங்கிவிட்டோம். மூர்த்தி வெகுநேரம் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அக்டோபர் 20

இறங்கிய கையோடு பூஜைக் கறை போக விமானத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். இன்ஜினீயர் முனிகிருஷ்ணன் இரண்டு நாளாக நோண்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாத்தான் கீது என்கிறார். மழையில் அந்த முட்களுக்குப் போகும் குழாய்க்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்பது டென்சிலின் ஊகம். அப்படியென்றால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரும்.

அக்டோபர் 24

"வேணாம் ரஞ்சனி. காரணம் தெரியாத கோளாறு. திருப்பி அனுப்பிடலாம்."

பாயசம் வைத்தேன். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

அக்டோபர் 31

ஞாயிறு. ஜக்கூருக்குப் போகவில்லை. பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார், பக்கம் புரளவில்லை.

நவம்பர் 7, தீபாவளி

கிளப்பிலிருந்தும் விலகிவிட்டாராம். சாப்பிடும்போது திடீரென்று சொன்னார்:

"டென்சில் இல்லேன்னா உன்னக் கொன்னிருப்பேன். முள்ள நம்பி நான்தான மூக்க இறக்கினேன். எனக்கு ஓட்டத் தகுதி இல்ல."

இல்லீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் மறுபடி கிளம்பிவிட்டால்?

நவம்பர் 10

திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்த விமானக் கையேட்டைச் சும்மா புரட்டினேன். வால் பக்கம் இரண்டு புறமும் காசு அளவில் ஒரு தகடு, பொடிப்பொடியாய்த் துளைகள். வெளிக்காற்றின் அழுத்தம் அந்த வழியாகப் போனால்தான் முள்ளெல்லாம் வேலை செய்யுமாம். அடைபட்டால் உயரம் நிற்கும், ஏறும்போது வேகம் குறைத்துக் காட்டும்; மாற்று வழியைத் திருப்பிவிட்டால்தான் சரியாகும்.

சந்தனம்.

நானா? நானேதானா? அதுவும் கெட்டியாக, பார்த்துப் பார்த்து –

நவம்பர் 11

யாருக்கும் தெரியாது. கழுவியாகிவிட்டது. திங்கட்கிழமை டென்சில் ஓட்டிக்கொண்டு போய்விடுவார், அதோடு சரி. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், என் புருஷன் சாகும்வரை தரையில் இருப்பார்.

இன்று நெஞ்சு பிடித்துக்கொண்டதுபோல் உட்கார்ந்திருந்தார். என்ன பண்ணுது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மேலே ஏதோ விமானம் போயிற்று, அவர் தலை நிமிரவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

நவம்பர் 13

சொல்லிவிட்டேன். கையேட்டை அவர் முன்னால் விரித்து, படத்தில் விரலை வைத்து, இங்கேதான் பொட்டு வைத்தேன் என்றேன். பொய் சொன்னது முள், பொய் சொல்ல வைத்தது நான், உங்கள் கை ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன். கையேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

திட்டுவார் என்றிருந்தேன். சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார், பிறகு அழுதாரா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் எழுந்து போய் டென்சிலுக்கு போன் போட்டார். பேச்சில் பழைய மூர்த்தி. நான் மறுபடி வரைபடத்தை எடுத்து விரித்தேன்.

டிசம்பர் 6

விமானத்தை வாங்கியே விட்டார். இன்று அதில் ஹூப்ளிக்குப் போயிருக்கிறார். முதல் தடவை, தனியாக.

மழை இல்லை, மேகமும் இல்லை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றார். இன்னும் வரவில்லை. இந்நேரம் சித்ரதுர்காவைத் தாண்டியிருப்பார். தாண்டியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்திருந்தால் இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார்.