தலைப்பில்லாத பட்டியல்

12 ஜூன் 1996, புதன்

கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கான கோடை ஆங்கில வகுப்பில் தேர்வு வைத்தேன். தேறாத முப்பது பேருக்குத் தனிப் பயிற்சி. அவர்கள் பெயர்களைக் காலையில் பலகையில் ஒட்டினேன். மனம் புண்படுமே என்று தலைப்பு எழுதவில்லை.

மதியம் செல்வியைக் காணோம். மணிமுத்தாற்றுப் பெண். முதல் மதிப்பெண் அவளுக்குத்தான்.

பியூன் சொன்னார்: "செலக்சன் லிஸ்டுல பேர் இல்லன்னு அந்தப் பிள்ள ஒரே அழுகை சார். அவ அப்பா, 'நான் அப்பவே சொன்னேம்லாட்டி, காலேஜெல்லாம் நமக்குச் சரிப்படாது'ன்னு கையோட கூட்டிட்டுப் போயிட்டாரு."

நாளை மறுநாள் சேர்க்கை முடிகிறது. கடிதம் அதற்குள் போய்ச் சேராது. நான்தான் போக வேண்டும். அந்த மனிதர் முன் நின்று என்ன சொல்வது? நான்கு விதமாக எழுதி அடித்துவிட்டேன்.

வகுப்பை விட்டுப் போக முதல்வரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் பத்து மணிக்குத்தான் வருவார். முதல் பஸ் ஐந்தரைக்கு.

கேட்கப் போவதில்லை.