புது பாய்லர் மாட்டிய வீட்டுக்காரம்மா

ஹாரின் அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஹாரினுக்கு இருமல் நின்றதா? சியோலில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம். அதற்குமுன் காலி செய்து ஊருக்குக் கிளம்பினால் முன்பணம் திரும்பக் கிடைக்காது. அதனால் தரையைச் சூடாக்கும் பழைய பாய்லரைச் சாக்காக வைத்து, "தரையே சூடாகல, முன்பணத்தக் குடுத்து என்னை விட்டுடுங்கம்மா" என்று வீட்டுக்காரம்மாவிடம் தினமும் அழுதேன். பாதி நடிப்புதான். நேற்று அவர் ஆளோடு வந்தார். பழையதைக் கழற்றிவிட்டு, எரிவாயு குறைவாகக் குடிக்கும் புதியதை மாட்டிவிட்டார்.

"கால வச்சுப் பாரு, எப்படிச் சுடுதுன்னு. உனக்காகத்தான் மாத்துனேன். இனிமே போறேன்னு சொல்லுவியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

போர்வை அனுப்ப வேண்டாம். வழக்கம்போல் தரையில் வைத்த கிம்ச்சி ஊறுகாய் இந்தச் சூட்டில் ஒரே நாளில் புளித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள். வசந்தத்தில் வந்துவிடுவேன் என்று ஹாரினிடம் சொல்லியிருந்தேன். நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இனி குளிர்கிறது என்றுகூட யாரிடமும் சொல்ல முடியாது.

போராம்